பச்சைக்கிளி வளர்த்தா ஜெயிலா? தூத்துக்குடிக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டிய சட்டம்!

தூத்துக்குடி: வாசல்ல கூண்டு. கூண்டுக்குள்ள பச்சைக்கிளி. காலையில "அக்கா... அக்கா..." என்று கூப்பிட்டால் தெருவே சிரிக்கும். உள்ளே போனால் டி.வி. பெட்டிக்கு மேலே சங்கு, சிப்பி, வெள்ளை வெளேர் என்று ஒரு பவளப்பாறைத் துண்டு. கடலோர ஊர்களில் பல வீடுகளில் பார்க்கிற காட்சிதான் இது. இதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தக் கிளியும் குற்றம், அந்தப் பவளப்பாறையும் குற்றம். வழக்கு வந்தால் ஜெயில் வரைக்கும் போகும்.

"காசு குடுத்துத்தான வாங்கினோம்", "குஞ்சா கீழ கெடந்துச்சு, எடுத்து வளத்தோம்", "எங்க புள்ள மாதிரி அண்ணாச்சி" என்று சொல்வதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அந்தப் பாசத்தைச் சட்டம் கணக்கில் எடுக்காது. காட்டு உயிரா, வீட்டு உயிரா என்பது மட்டும்தான் அதன் கேள்வி.

நடிகர் வீட்டுக் கிளி

2023 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். மறைந்த நடிகர் ரோபோ சங்கரின் வீட்டைச் சுற்றிக் காட்டும் வீடியோ ஒன்று யூடியூபில் வந்தது. அதில் அலெக்சாண்ட்ரின் வகையைச் சேர்ந்த 2 பெரிய கிளிகள் தெரிந்தன. அதைப் பார்த்த வனத்துறையினர் வீட்டுக்கே போய் 2 கிளிகளையும் மீட்டார்கள். கிளிகள் கிண்டிக்குப் போயின. ரோபோ சங்கருக்கு விழுந்த அபராதம் 2 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்!

அடுத்த வருஷம் கடலூரில் இன்னொரு கதை. 2024 ஏப்ரல், மக்களவைத் தேர்தல் நேரம். பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு ஒரு கிளி ஜோசியர் சீட்டு எடுத்துப் பார்த்தார். வெற்றி நிச்சயம் என்று சொன்ன வீடியோ ஊரெல்லாம் ஓடியது. வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்தது, கூண்டில் இருந்த கிளிகளையும் பறிமுதல் செய்தது. பிறகு எச்சரித்து அனுப்பினார்கள். கிளி ஜோசியம் காலங்காலமா நடக்கிறதே என்று அப்போது பலர் கேட்டார்கள். ஜோசியம் பார்த்தது பிரச்சினையே இல்லை. கிளியை அடைத்து வைத்ததுதான் பிரச்சினை.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பதற்கு 1990-91 வாக்கில் முழுத் தடை போட்டார்கள். 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தில் அட்டவணை என்று பட்டியல்கள் உண்டு. மயில், நட்சத்திர ஆமை, கடல் பசு போன்றவை முதல் அட்டவணை. இவற்றைப் பிடித்தாலோ வைத்திருந்தாலோ 3 வருஷம் முதல் 7 வருஷம் வரை சிறை. அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. நம்ம ஊர் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் வருகிறது. இதற்கு 3 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

'வேட்டை' என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கண்ணி வைத்தாலும் வேட்டை, வலை போட்டுப் பிடித்தாலும் வேட்டை. கூட்டைக் கலைத்து முட்டை எடுத்தாலும் அதே கணக்குத்தான். கவுதாரிக்குக் கண்ணி வைக்கிற பையன்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொரு முக்கியமான விஷயம். மற்ற வழக்குகளில் குற்றத்தைப் போலீஸ்தான் நிரூபிக்கணும். இதில் அப்படி இல்லை. காட்டு உயிர் உங்கள் கையில் இருந்தால், அது முறைப்படி வந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சந்தையில் வாங்கினேன் என்றால் ரசீது எங்கே? தடை செய்த பறவைக்கு எவன் ரசீது கொடுப்பான்?

கூண்டுக்கு வந்தது எப்படி?

ஒரு கிளிக்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றும். காரணம் உடன்குடி, திருச்செந்தூர் பக்கம் பனங்காட்டில் இருக்கிறது. கொண்டை போன மொட்டைப் பனையின் பொந்துதான் பச்சைக்கிளிக்குப் பிடித்த வீடு. தை, மாசி, பங்குனி மாதங்களில் அதில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். கண் திறக்காத குஞ்சுகளை அந்தப் பொந்தில் கை விட்டு எடுக்கிறார்கள். துணிப்பையிலும் அட்டைப்பெட்டியிலும் அடைத்து ஊர் ஊராகக் கொண்டு போகிறார்கள். வழியிலேயே மூச்சுமுட்டிச் சாகிற குஞ்சுகள் உண்டு. பிழைத்ததுக்கு இறக்கையை வெட்டி விடுவார்கள்.

அதனால் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு கிளிக்குப் பின்னால் சேராமல் போன குஞ்சுகளும் இருக்கின்றன. நாம் காசு கொடுக்கிற வரைக்கும் அந்தப் பொந்துக்குள் கை போய்க்கொண்டுதான் இருக்கும். பனையை வெட்டுவதால் பொந்தே குறைந்துகொண்டு வருகிற காலத்தில் இது வேறு.

ஷோகேஸில் இருக்கும் கடல்

தூத்துக்குடிக்காரங்களுக்குக் கிளியை விடக் கடல் சாமான்தான் பெரிய ஆபத்து. வ.உ.சி. துறைமுகத்தில் இருந்து ராமேசுவரம் பக்கம் வரை கடலில் 21 தீவுகள். இதை 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 10 ஆயிரத்து 500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. தீவுப் பகுதியில் இருந்து அனுமதி இல்லாமல் ஒரு சிப்பியைக் கூட எடுக்கக் கூடாது.

2001-ல் பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை மூன்றும் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறின. சில சங்கு, சிப்பி வகைகளும் சேர்ந்தன. ராட்சத சிப்பி, நாட்டிலஸ், ஐவிரல் சங்கில் சில வகைகள் அதில் உண்டு. காய வைத்த கடல் குதிரையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் குற்றம்தான். மீன் தொட்டிக்குள்ள அழகுக்குப் போடுகிற நிஜப் பவளப்பாறையும் குற்றம். கரையில் ஒதுங்குகிற திமிங்கல 'அம்பர்' கட்டியை எடுத்து விற்கப் போய் மாட்டியவர்கள் நம்ம கடற்கரையிலேயே பலர்.

அப்போ சங்கே வீட்டில் இருக்கக் கூடாதா என்று பயப்பட வேண்டாம். பூஜைக்கு வைக்கிற, ஊதுகிற சங்கு தடைப் பட்டியலில் இல்லை. திரேஸ்புரம் பக்கம் சங்குகுளி தொழிலாளர்கள் முறைப்படி உரிமம் வாங்கித்தான் கடலுக்குள் இறங்குகிறார்கள். எந்த வகை என்று தெரியாத சங்கை மட்டும் வாங்காமல் இருப்பது நல்லது.

கடலில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. ஒரு காலத்தில் சுண்ணாம்புச் சூளைக்கும் கட்டிடத்துக்கும் தோணி தோணியாகப் பவளப்பாறையை வெட்டினார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் கரை கரைந்தது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற 2 தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. வான் தீவும் பெரும்பகுதி கரைந்து, 2015-க்குப் பிறகு அரசு செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. முத்து நகர் என்று பேர்தான் இருக்கு. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அதன் பிறகு பாரில் போதுமான சிப்பி இல்லை.

எதை வளர்க்கலாம்?

நாய், பூனை, ஆடு, மாடு, கோழி, வாத்து, வான்கோழி, முயல், வீட்டுப் புறா எல்லாம் தாராளமாக வளர்க்கலாம். நாய்க்கு வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம் போடணும். பறவை ஆசை என்றால் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிற சின்னக் கிளி, கொண்டை வைத்த காக்டெய்ல் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. இவை ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்டவை. கூண்டிலேயே பல தலைமுறையாக இனப்பெருக்கம் ஆனவை. மீன் தொட்டிக்கு கோல்டு பிஷ், கப்பி, மோலி போதும்.

பச்சைக்கிளி, மைனா, முனியா, கவுதாரி, மயில், நட்சத்திர ஆமை இவை கூடாது. முனியாவுக்குச் சாயம் பூசி 'கலர் குருவி' என்று விற்பார்கள், ஏமாற வேண்டாம்.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, காக்கட்டூ, இகுவானா போன்ற வெளிநாட்டுப் பிராணிகளுக்கு வேறு விதி. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி இவற்றைப் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கினாலும், குஞ்சு பொரித்தாலும், செத்தாலும் தகவல் சொல்லணும். விற்கிறவரிடம் பதிவுச் சான்று கேளுங்கள். இல்லை என்றால் வாங்காதீங்க.

கையில் இருந்தால் என்ன செய்வது?

கிளி இருக்கிற வீட்டுக்காரர் இதைப் படித்ததும் செய்யக்கூடாத வேலை ஒன்று உண்டு. பயந்துபோய்க் கூண்டைத் திறந்து விடுவதுதான் அது. இறக்கை வெட்டிய கிளி பறக்காது. வருஷக்கணக்கில் கிண்ணத்தில் தின்ற கிளிக்கு இரை தேடத் தெரியாது. காக்கா கொத்தும், பூனை கவ்வும். பாவம் போகட்டும் என்று திறந்து விட்டால் அது கொல்வதற்குச் சமம்.

அருகில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் நீங்களாகவே கொண்டு போய் ஒப்படைப்பதுதான் சரி. வனத்துறையினர் பார்த்து, இறக்கை வளர்ந்து பறக்கிற நிலைக்கு வந்த பிறகு காட்டில் விடுவார்கள். முடியாததைப் பராமரிப்பில் வைப்பார்கள். ரெய்டு வந்து பிடிபடுவதும் தானாகப் போய்க் கொடுப்பதும் ஒன்றல்ல. பவளப்பாறை, கடல் குதிரை வைத்திருப்பவர்களும் அப்படியே கொடுத்துவிடலாம்.

காற்றில் கூட்டோடு விழுந்த குஞ்சைப் பார்த்தால் அதே மரத்தில் உயரமாக, நிழலாக ஒரு இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தாய் பெரும்பாலும் தேடி வரும். அடிபட்டிருந்தால் மட்டும் அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டு போய் பால் ஊற்ற வேண்டாம், பறவைக்குப் பால் செரிக்காது.

பிள்ளைகள் அழும்தான். வருஷக்கணக்கா 'அக்கா' என்று கூப்பிட்ட குரல் திடீரென்று நின்றால் பெரியவங்களுக்கே மனசு கேட்காது. அதுக்காக மறைத்து வைத்தால், செல்போனில் பிள்ளைகள் எடுத்துப் போடுகிற ஒரு வீடியோ போதும். நடிகர் வீட்டில் நடந்தது யார் வீட்டிலும் நடக்கும். 2 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் அபராதத்தை அன்றாடம் கூலிக்குப் போகிற குடும்பம் எங்கே போய்க் கட்டும்?