ஒரு பக்கம் மட்டும் பாடும் செட்

கலவானப் பக்கத்தில் பழைய ஸ்டீரியோ செட்டுக்குக் கேடு வந்தால், அது பெரும்பாலும் வானத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். சிங்கராஜ வனத்துக்குக் குடாவை வழியாகப் போகிறவர்கள் தாண்டிப் போகும் ஊர் இது. வனத்தை ஒட்டிய மலைகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. அலமாரியில் வைத்த சப்பாத்துக்கே பூஞ்சணம் பிடிக்கிற இடத்தில், நாற்பது வருஷத்துக்கு முந்திய ஆம்ப்ளிபயரின் உள்முனைகள் மட்டும் பளபளவென்று இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் முதலில் பாட்டுப்பெட்டி இருந்தது துரை பங்களாவில்தான். ரேடியோவும் இசைத்தட்டுச் சுழலியும் ஒரே மரப்பெட்டிக்குள் அடங்கிய ரேடியோகிராம் அது. லயத்து ஆட்களுக்குக் கிட்டியது வானொலி. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 செப்டெம்பர் 30ஆம் தேதி தொடங்கியது. அதன் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் ஒலித்தது. அந்தக் காலத்து ரேடியோவுக்கு ஒரே ஸ்பீக்கர். 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரத் தொடங்கியதும்தான் ‘ரெண்டு ஸ்பீக்கர் செட்’ சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது. பின்னாளில் ஜப்பானில் பாவித்துக் கழித்த செட்டுகளும் சேர்ந்துகொண்டன. இன்றைக்கு மேசை மேல் துணி போர்த்தி வைத்திருக்கும் செட் இப்படி ஏதோ ஒரு வழியில் வந்ததுதான்.

அப்படிப்பட்ட செட் ஒரு நாள் ஒரு பக்கம் மட்டும் பாடும். உடனே ‘ஆம்ப் போய்விட்டது’ என்று முடிவுகட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரேடியோ திருத்தும் பாஸிடம் ஓடுவது வழக்கம். அனுபவமுள்ள பாஸ் திருப்புளியை எடுக்கவே மாட்டார். ஆம்ப்ளிபயரை நிறுத்திவிட்டு, பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் வயர்களையும் இடம் மாற்றிச் சொருகி மறுபடி போடுவார். முன்பு ஊமையாக இருந்த அதே ஸ்பீக்கர் இப்போதும் ஊமையாக இருந்தால் கோளாறு ஸ்பீக்கரில் அல்லது அதன் வயரில். ஊமைத்தனம் அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் கோளாறு ஆம்ப்ளிபயரில் அல்லது அதற்கும் முன்னால். பிறகு கெசட் டெக்கிலிருந்து வரும் வயர்களை அதே போல மாற்றிப் பார்ப்பார். இரண்டே மாற்றலில் பாதிப் பெட்டிகள் சந்தேகப் பட்டியலிலிருந்து விடுபட்டுவிடும். மீட்டர் வேண்டாம், படிப்பும் வேண்டாம். இவ்வளவு எளிதான சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்காமல் பஸ் ஏறுகிறவர்கள்தான் அதிகம்.

மேலும், குற்றவாளி பெரும்பாலும் சில்லறை ஆளாகவே இருப்பான். சொருகி எடுக்கும் முனைகளில் பச்சைக் களிம்பு, செம்புக்கம்பி கறுத்துப்போன வயர், எலி கடித்த இடம், ஸ்பீக்கர் பெட்டியின் காற்றுத் துளைக்குள் குளவி கட்டிய மண்கூடு. கறுத்த வயரை ஒரு அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவிச் சொருகினாலே பல செட்டுகள் வாய் திறந்துவிடும்.

வால்யூமைத் திருகும்போது கேட்கிற கரகரப்பும் அதே சாதி. அந்தக் குமிழுக்குள் ஒரு கரித்தடமும் அதன் மேல் உரசிச் செல்லும் உலோக விரலும் இருக்கின்றன. இடையில் அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, இதற்கென்றே விற்கும் கொண்டாக்ட் கிளீனரைச் சிறிது பீச்சி, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நாற்பது ஐம்பது தடவை திருகினால் போதும். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. ஒரு வாரம் நன்றாக இருக்கும். பிறகு தூசி அந்த எண்ணெயில் ஒட்டிப் பசையாகிவிடும்.

பாட்டே இல்லாதபோதும் ‘ஊம்ம்’ என்று இழுக்கும் இரைச்சல் வேறு கதை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. அந்த 50இன் கனத்த ஊம் கேட்டால், வயரின் மேலுறைக் கம்பி அறுந்திருக்கிறது அல்லது எர்த் சரியில்லை என்று பொருள். இன்னும் சற்று உயர்ந்த, 100 அளவிலான ஊம் என்றால் மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கண்டென்சர்கள் உலர்ந்துபோயிருக்கலாம். அவற்றுக்குள் இருக்கும் திரவம் வயதாக ஆக வற்றிப்போவது இயற்கை. இந்த வேலை மட்டும் வீட்டு வைத்தியத்துக்கு ஏற்றதல்ல. பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்; வால்வு ரேடியோகிராமில் அது 250 வோல்ட்டைத் தாண்டும்.

ஜப்பானிய செட்டுகளுக்குத் தனிப் புத்தி வேண்டும். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. நேராகச் சொருகினால் புகைதான் மிச்சம். இடையில் டிரான்ஸ்போமர் வைத்தால் வோல்ட் குறையும், ஆனால் விநாடிக்கு எத்தனை தடவை என்ற கணக்கு மாறாது. ஜப்பானின் கிழக்குப் பாதியில் 50, மேற்குப் பாதியில் 60. அறுபதுக்கென்று அமைத்த பழைய சுழலி மோட்டாரை இங்கே ஓட்டினால், நிமிடத்துக்கு 33⅓ சுற்றுப் போக வேண்டிய தட்டு 28ஐக்கூட எட்டாது. சுசீலாவின் குரல் ஆண்குரலாகிவிடும். சுழலியில் 50/60 மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்தால் பிரச்சினை தீரும். இன்னொன்று: ஜப்பானுக்கென்று செய்த பழைய எஃப்எம் ரேடியோக்கள் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம் நிலையங்களில் பெரும்பாலானவை 90க்கு மேலே. அந்த ரேடியோ வாயைத் திறக்காததற்கு அது பழுதானது காரணமல்ல.

பழுது நீங்கியும் பாட்டு பிடிக்கவில்லை என்றால், செட் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். பழைய லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. சிமெந்துத் தரை, வெறுஞ்சுவர், தகரக் கூரை. இடத்தை மிச்சப்படுத்த ஸ்பீக்கர்களை இரண்டு மூலைகளில் தூக்கி வைப்பார்கள், அல்லது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். மூலையில் வைத்தால் சுவர்கள் தாழ்ந்த ஒலியை ஊதிப் பெருக்கும், மிருதங்கம் தகரப்பீப்பாய்போல் குமுறும். சுவரை விட்டு ஒரு அடியாவது முன்னுக்கு இழுத்து, ஐந்தாறு அடி இடைவெளி கொடுத்து, கேட்கிறவர் அதே தூரத்தில் நடுவே உட்கார்ந்தால் முக்கோணம் ஒன்று அமையும். கீச்சுக்குரல் தரும் சின்ன ஸ்பீக்கர் காது மட்டத்துக்கு வர வேண்டும். எதிரொலியை அடக்க ஜன்னல் திரையும் மெத்தையும், ஏன், உடுப்புக் கொடியும்கூட உதவும். மழை தகரத்தில் விழுகிற நேரம் இந்த ஏற்பாடு எதுவும் செல்லாது. அதற்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

இடம் சரியா என்று சோதிக்கப் புது ஸ்டீரியோப் பாட்டைவிட, 1960களின் பழைய பாட்டே மேல். ஸ்டீரியோவுக்கு ஆலன் புளூம்லைன் 1931இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை கேட்டிருந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததோ 1958 வாக்கில். தமிழ்த் திரையிசை அந்தப் பக்கம் திரும்பியது எழுபதுகளின் கடைசியில். அதற்கு முந்திய பாட்டில் இரண்டு ஸ்பீக்கரிலும் வருவது ஒரே ஒலி. ஆகவே டி.எம்.எஸ். குரல் எந்த ஸ்பீக்கரிலிருந்தும் வராமல், நடுவே வெற்றிடத்தில் நின்று பாட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் பாலன்ஸ் குமிழைத் திருத்தலாம். எங்கே நின்று பாடுகிறார் என்றே பிடிபடாமல், தாழ்ந்த ஒலியும் மெலிந்து கிடந்தால், ஒரு ஸ்பீக்கரின் கூட்டலும் கழித்தலும் மாறிப்போயிருக்கின்றன. ஒன்று முன்னுக்குத் தள்ளும்போது மற்றது பின்னுக்கு இழுத்து, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது: ஸ்பீக்கரை ஆம்ப்ளிபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால், சரியான முனைகளில் கடதாசிக் கூம்பு வெளிப்பக்கம் துள்ளும்.

சுழலியை ஸ்பீக்கர் இருக்கிற அதே மேசையில் வைக்கக் கூடாது. அதிர்வு ஊசிக்கு ஏறி, ஊசியிலிருந்து மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், வால்யூமைக் கூட்டக் கூட்ட ஊளையிடும். காந்த வகை ஊசித்தலை தருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட்தான்; அதை ‘போனோ’ என்று எழுதிய துளையில் சொருகாமல் ‘ஆக்ஸ்’ துளையில் சொருகினால், பாட்டு கிணற்றடியிலிருந்து கேட்பதுபோல் தேய்ந்து ஒலிக்கும். 78 சுற்றுத் தட்டு வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதன் வரிப்பள்ளம் அகலமானது, எல்பி ஊசி அடியில் போய் உரசும். அந்தத் தட்டு அரக்கால் ஆனது என்பதால், பூஞ்சணத்தைத் துடைக்க ஸ்பிரிட் பாவித்தால் தட்டே கரைந்துவிடும். பச்சைத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும், நடுவிலிருக்கும் லேபல் நனையாமல்.

இடி மின்னல் மிகும் ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. கூரைக்கு மேலே நிற்கும் ஏரியலின் வயரையும் கழற்ற வேண்டும். 2003 மே, 2017 மே வெள்ளங்களைக் கண்ட ஊர் இது. நனைந்த செட்டை ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று போட்டுப் பார்ப்பதுதான் அதைக் கொல்லும். சேற்றை நல்ல தண்ணீரால் கழுவி, மூடியைத் திறந்து, நாள்கணக்கில் நிழலில் காற்றாட உலர்த்தி, பாஸ் பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்கலாம். பெல்ட், கண்டென்சர், ஊசி தேடுகிறவர்கள் கடைசியில் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குத்தான் போகிறார்கள். போகும்போது பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. உருகித் தாராகிவிட்டதென்றால், அது சுற்றி ஓடிய பாதையை நூலால் அளந்து, அந்த நூலையாவது கொண்டுபோகலாம்.