மூதூர்க்காரரே, இந்தக் கப்பலின் கதை தெரியுமா?

கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், திருகோணமலைத் துறைமுகத்தில் 1944இல் நின்ற இலஸ்ட்ரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைக் கேள்விப்பட்டிருக்கலாம். அந்தக் கப்பலில் இங்கிலாந்தின் றக்பி வீரர் ஒருவர் வேலை பார்த்தார் என்பது தெரியுமா?

பெயர் பில் லடிங்டன். 1923 முதல் 1926 வரை இங்கிலாந்துக்காக 13 ஆட்டங்கள். அத்தனைக்கும் கிடைத்த சம்பளம்? ஒரு சதம்கூட இல்லை! காசு வாங்கினால் ஆட்டத்தை விட்டே துரத்திவிடுவார்கள். வயிற்றுப்பாட்டுக்குக் கடற்படைதான். அங்கேயும் அவர் அதிகாரி அல்ல. ஆனால் 1923இல் அவருக்கு அணித்தலைவராக இருந்த டேவிஸும், ஆட்டத்தில் டேவிஸுக்கு ஜோடியான கெர்ஷோவும் கடற்படை அதிகாரிகள். கப்பலில் இவர்களுக்கு சலாம் போட வேண்டிய மனுஷன், மைதானத்தில் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நின்றார்!

1923 மார்ச் 17. இடம் எடின்பரோவின் இன்வர்லீத் மைதானம், எதிரணி ஸ்கொட்லாந்து. இங்கிலாந்தின் வொய்ஸ் பந்தைக் கோட்டுக்கு அப்பால் அமுக்கியதும் கணக்கு 6-6. இனி லடிங்டனின் உதைதான். அந்தக் காலத்தில் உதைப்பது லேசான காரியமா? ஒருவர் குப்புறப் படுத்துப் பந்தைக் கையில் பிடித்திருப்பார். பந்து தரையைத் தொட்டதும் எதிரணி முழுவதும் உதைப்பவரை நோக்கிப் பாய்ந்து வரும். லடிங்டன் உதைத்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 8-6! அந்த வருடம் தன்னோடு மோதிய நான்கு நாடுகளையும் வென்றது இங்கிலாந்து. அடுத்த வருடமும் அப்படியே.

அன்று ஸ்கொட்லாந்தை வீழ்த்தி வென்ற கிண்ணம் எதில் செய்தது, சொல்லுங்கள் பார்ப்போம்? நம் பக்கத்து வெள்ளி ரூபாயில்! கல்கத்தாவின் வெள்ளைக்காரர் றக்பிக் கழகம் ஒன்று ஆள் குறைந்து மூடப்பட்டபோது, வங்கியில் கிடந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கிண்ணம் அது. கைப்பிடி மூன்றும் நாகபாம்பு, மூடியில் யானை. 1879இலிருந்து இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் இதற்காக முட்டி மோதுகின்றன. பெயர் இன்றைக்கும் கல்கத்தா கிண்ணம்தான்.

றக்பிக் கதையில் இலங்கைக்கும் பங்கு உண்டு. 1950இல் நாடு திரும்பும் வழியில் பிரிட்டிஷ் லயன்ஸ் றக்பி அணி கொழும்பில் இறங்கி, இலங்கை அணியை 44-6 என்று புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. அந்தக் காலத்தில் இலங்கைக்காக றக்பி ஆடிய தமிழர் சும்மா நவரத்தினம், ஆசியாவிலேயே வேகமாக ஓடுகிறவர் என்றும் பெயர் எடுத்தவர். பேர்தான் 'சும்மா'!

சரி, லடிங்டன் என்னவானார்? கடைசியாக இங்கிலாந்துக்கு ஆடி 15 வருடம் கழித்தும் கடற்படையில்தான் இருந்தார். இலஸ்ட்ரியஸில் மாஸ்டர் அட் ஆர்ம்ஸ், அதாவது கப்பலுக்குள் பொலிஸ் வேலை. 1941 ஜனவரி 10 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மன் ஸ்டூகா விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் லடிங்டனும் ஒருவர்.

கப்பல் மட்டும் மூழ்கவில்லை! மோல்டாவுக்கு இழுபறியாகப் போய்ச் சேர்ந்து, பிறகு அமெரிக்காவரை போய்ப் பழுது பார்த்து, 1944 தொடக்கத்தில் நம் கடலுக்கு வந்தது. அந்த ஏப்ரலில் அமெரிக்காவின் சரட்டோகா கப்பலும் கூட வர, திருகோணமலையிலிருந்து புறப்பட்டுப்போய்ச் சுமாத்திரா பக்கத்துச் சபாங் துறைமுகத்தைத் தாக்கியது.

றக்பியில் காசு வாங்கலாம் என்று சட்டம் மாறியது எப்போது தெரியுமா? 1995 ஓகஸ்டில்தான்! லடிங்டன் இறந்து 54 வருடம் கழித்து.

மூதூரில் தொண்ணூறு தாண்டிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சின்ன வயதில் குடாவில் எந்தெந்தக் கப்பல்களைக் கண்டார்கள் என்று கேட்டு, இப்போதே எழுதி வையுங்கள்.