குழிக்குள் பறக்கும் நார்

டிராம்பே சீட்டா கேம்ப்பில் தங்கி, முக்காதம் (மேஸ்திரி) காட்டிய இடத்தில் கேபிள் குழி தோண்டும் நம் ஆட்களுக்குக் கரண்ட் என்றால் பயம் உண்டு. தூசி என்றால் கிடையாது. கர்சீப்பைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

டிராம்பே அனல் மின் நிலையம் 1956 முதல் மும்பைக்கு மின்சாரம் தருகிறது. அந்தக் காலத்தில் உலகின் பல நகரங்களில், ஒரு கேபிள் வெடித்தால் பக்கத்துக் கேபிளுக்குத் தீ தாவாமலிருக்க ஜாயிண்டின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) நாடா சுற்றினார்கள். கேபிள் போகும் குழாய்கூட ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்டில் வந்தது. பழைய லைனைத் தோண்டும்போது சாம்பல் நிறப் பட்டை ஒன்று தென்படலாம். இழுத்தால் பஞ்சாகப் பிரியும். என்ன நார் என்று கண்ணால் சொல்ல முடியாது, ஆய்வகம்தான் சொல்லவேண்டும். அதுவரை ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். லைன் ஆஃப் ஆனது உறுதியான பிறகு, நனைத்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். கட்டர் மெஷின் கூடாது. நுண்துகள் வடிகட்டும் முகக்கவசம் கேளுங்கள். கர்சீப் இதற்கு உதவாது. வேலைத் துணியை வீட்டில் உதறாதீர்கள். துவைத்த மனைவிக்கே நோய் வந்த கதைகள் பல நாடுகளில் உண்டு.

இந்த நாரின் சூழ்ச்சியே தாமதம்தான். நுரையீரல் தழும்பேறும் ஆஸ்பெஸ்டோசிஸும் புற்றுநோயும் 20, 30 வருடம் கழித்தும் வரும். பீடி சேர்ந்தால் புற்றுநோய் அபாயம் பல மடங்கு. மும்பை ஆஸ்பெஸ்டாஸ் ஆலை ஒன்றில் 181 தொழிலாளர்களைச் சோதித்தபோது, ஐந்தில் ஒருவருக்கும் மேல் ஆஸ்பெஸ்டோசிஸ் இருந்தது. 2005-இல் வெளியான ஆய்வு அது.

தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்து 40 ஆண்டு, அல்லது விலகி 15 ஆண்டு, எது பிந்தையதோ அதுவரை காக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு கான்ட்ராக்டரிடம் மாறுகிறவருக்கு எந்த முதலாளி பதிவேடு வைத்திருப்பார்?

இழப்பீட்டுக்கான சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் ஆஸ்பெஸ்டோசிஸ் உண்டு. ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோயும் உண்டு. கான்ட்ராக்டர் ஓடிவிட்டாலும், வேலையைக் கொடுத்த நிறுவனத்திடம் கேட்கலாம்; இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் இ.எஸ்.ஐ.யிடம் கேட்கவேண்டும். கேட்க அத்தாட்சி வேண்டுமே. கேட் பாஸ், இ.எஸ்.ஐ. அட்டை, எந்த ரோட்டில் எந்த மாதம் தோண்டினோம் என்ற குறிப்பு, எல்லாம் சேரட்டும். மூச்சு வாங்கி டாக்டரிடம் போனால், இருமலைச் சொல்வதோடு கேபிள் வேலையையும் சொல்லுங்கள். எக்ஸ்ரே ஃபிலிமை வீசாமல், ரேஷன் கார்டு இருக்கும் அதே பிளாஸ்டிக் பையில் போட்டுவையுங்கள்.