நோயைக் காணும் கண்: மருத்துவப் படிமமும் புத்தூர் உழைப்பாளரும்

இலக்கியத் திறனாய்வில் நாம் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் ‘படிமம்’ என்ற சொல் இன்று வைத்தியசாலைகளிலும் வழங்குகின்றது. உடலைக் கீறாமல் உள்ளிருக்கும் நோயைப் புலப்படுத்தும் படத்தை அங்கு அது குறிக்கும். அப்படத்தின் சமூக அடிப்படை யாது என்பதே ஈண்டு நமது வினா.

1895 இல் றொண்ட்கன் கண்டறிந்த எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டிற்று. மண்டையோட்டினுள் மறைந்த மூளையின் மென்மையான பகுதிகளை வேறுபடுத்திக் காட்டவில்லை. பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, கிடைக்கும் அளவுகளைக் கணனியால் இணைத்துக் குறுக்குவெட்டுப் படமாக்கும் சி.ரி. முறை அக்குறையைப் போக்கிற்று. 1971 ஒக்ரோபரில் இலண்டனில் இம்முறையில் முதன்முதற் படமெடுக்கப்பட்டவர், மூளையிற் கட்டி இருக்கலாமென ஐயுறப்பட்ட ஒரு பெண். கருவியை ஆக்கிய ஹவுன்ஸ்பீல்ட், இசைத்தட்டுகளால் புகழ்பெற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர். பீற்றில்ஸ் பாடல்கள் ஈட்டிய இலாபமே இக்கருவியைத் தந்ததென்பர். பிரித்தானிய அரசின் சுகாதாரத் திணைக்களம் அந்நிறுவனத்தைக் காட்டிலும் பன்மடங்கு செலவிட்டமையை இக்கதை மறைத்துவிடுகின்றது. மூலதனத்தின் வரலாற்றில் பொதுப்பணத்துக்கு அடிக்குறிப்பும் கிடைப்பதில்லை போலும்!

புத்தூரில் ஒருவர் பாரிசவாதத்தால் வீழ்ந்தால், மூளையின் நாடி அடைபட்டதா, வெடித்ததா என்பதை வெளிக்குறிகளால் உறுதிசெய்ய இயலாது. அடைப்பைக் கரைக்கும் மருந்து, குருதி பெருகியவரைக் கொன்றுவிடக்கூடும். அம்மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துள் ஏற்ற வேண்டுமாதலால், சி.ரி. கருவிக்கும் நோயாளரின் வீட்டுக்கும் இடைப்பட்ட தூரம் வைத்தியத்தின் ஒரு பகுதியாகிவிடுகின்றது.

புற்றுநோயின் பரவலைக் காட்டும் பெற் படிமத்தில் இத்தூரம் இன்னும் கொடிது. புற்றுக்கலங்கள் பெரும்பாலும் குளுக்கோசை மிகுதியாக நுகர்வன. எனவே கதிர்வீசும் புளோரீன்-18 சேர்ந்த குளுக்கோசை உடலிற் செலுத்தி, அது செறியுமிடங்களைப் படமாக்குவர். அதன் அரைவாழ்வுக் காலம் 110 நிமிடம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தரைவழியே ஆறு மணித்தியாலத்தில் புத்தூரை அடைந்தாலும் பத்திலொரு பங்கே எஞ்சும். 2016 இல் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இத்தகைய கருவியை வாங்கப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. 2013 இல் தெல்லிப்பழையில் திறக்கப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலைக்கும், 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்தே நிதி சேர்த்தனர்.

எனினும் கருவியே யாவுமென்று கொள்வதற்கில்லை. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னிற்கின்றது. வெற்றிலையோடு புகையிலையை மெல்லுதல் அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலையை நட்டு, நீரிறைத்து, உணர்த்திய கைகளே அதை வாயிலும் அடக்கிக்கொண்டன. கன்னத்தின் உட்புறத்தே தோன்றும் வெண்படலத்தைக் காண ஒரு கைவிளக்கும் பயின்ற கண்ணும் போதும். தாடையெலும்பை நோய் அரித்ததா, கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியதா என்பதை அறியவே சி.ரி. படம் வேண்டப்படுகின்றது. நாட்கூலியை இழக்க இயலாத தோட்டத் தொழிலாளி கிளினிக்குக்குப் போகும் நாளை ஒத்திவைக்கிறார். அவரது முதற்படமே எலும்பரிப்பைக் காட்டும் படமாகிவிடுகின்றது.