ஒலிபெருக்கி ஏன் முனகுகிறது?

என் பழைய மாணவர் ஒருவர், தம் கையாலேயே அமைத்த வால்வு ஒலிபெருக்கி ஒன்றை அண்மையில் என் வீட்டிற்குக் கொண்டு வந்தார். அவர் கித்தார் வாசிப்பவர். தந்தியைத் தொடாதபோதும் ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்' என்னும் முனகல் ஓயாமல் எழுந்தது. யாரோ கூறியதை நம்பிப் பிளக்கின் எர்த் கம்பியையும் வெட்டிவிட்டிருந்தார். முனகல் நின்றபாடில்லை. முதல் வேலையாக அக்கம்பியை மீண்டும் இணைக்கச் செய்தேன். எர்த் இல்லாத கருவியினுள் மின்கம்பி ஒன்று பிசகி உலோகச் சட்டத்தைத் தொடுமாயின், கித்தாரின் தந்தி வழியே வாசிப்பவரின் உடலுக்கே மின்சாரம் வந்து சேரும்.

மாணவ நண்பர்களே, முனகலின் பிறப்பிடத்தைக் காதே ஓரளவு கண்டுகொள்ளும். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுக்கள் கொண்டது. வால்வின் தகட்டிற்கோ ஒரே திசையில் ஓடும் மின்சாரம் வேண்டும். முழு அலை ரெக்டிபையர், ஒவ்வொரு சுற்றின் இரு பாதிகளையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால், அதில் எஞ்சும் அலைவு வினாடிக்கு 100 ஆகிவிடுகிறது. அவ்வலைவைச் சமப்படுத்தும் கண்டென்சர் வலுவிழந்தால் 100 ஒலிக்கும். வால்வின் சூட்டிழைக்குச் செல்லும் 6.3 வோல்ட் மாறுமின்னோட்டமோ, டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலமோ நுழைந்தால் பெரும்பாலும் 50 ஒலிக்கும். இரண்டிற்கும் இடையே ஒரு ஸ்தாயி வேறுபாடு. கித்தாரின் ஆறாம் தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்தி மீட்டினால் ஏறத்தாழ 98 அதிர்வு கிடைக்கும். முனகல் அச்சுருதியை ஒட்டி நின்றால் 100; ஒரு ஸ்தாயி கீழே நின்றால் 50. சங்கீதம் பயின்ற பிள்ளைகளுக்கு இது எளிது!

மாணவரின் கருவியில் கேட்டது 100. ஒலியளவுக் குமிழை முற்றும் குறைத்தும் அது தணியவில்லை. ஆகவே குற்றம் குமிழிற்கு அப்பால் இருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, சூடு ஆறிய பின் முன்வரிசை வால்வுகளைக் கழற்றி, மறுபடி இயக்கினோம். இறுதி வால்வு மட்டும் இருந்தபோதும் அதே முனகல்! கண்டென்சரை ஒரு பழைய ரேடியோவிலிருந்து எடுத்துப் பொருத்தியதாக அப்பொழுதுதான் சொன்னார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். நிறுத்திய பின்னும் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். உறையிட்ட கம்பிகள் கொண்ட மின்தடை வழியாக அதை வடியவிட்டு, மீட்டர் சுழி காட்டிய பிறகே கை வைத்தோம். அனுபவமுள்ளவர் அருகில் இல்லாமல் மாணவர்கள் இதில் இறங்கலாகாது.

அதே அளவுள்ள புதிய கண்டென்சரை, நேர்முனை எதிர்முனை பார்த்துப் பொருத்தியதும் முனகல் அடங்கிற்று. குமிழைக் கூட்டியபோது மட்டும் மெல்லிய 50 ஒன்று எட்டிப் பார்த்தது. சூட்டிழைக் கம்பிகள் இரண்டும் கித்தார் நுழைவாய்க் கம்பியோடு ஒட்டி ஓடியதே காரணம். அவற்றை ஒன்றோடொன்று முறுக்கிச் சட்டத்தின் மூலையோரமாக ஒதுக்கினோம். அன்று மாலை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போனார்.