கட்டம் போட்ட நிழல்

அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழிப் பக்கம் போகப் போக மரம் குறையும், வெளி கூடும். கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம்தான். அதன் இலையோ பொடி இலை. அடியில் ஆடு ஒதுங்கினால் பாதி உடம்பு வெயிலில்தான் நிற்கும். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் காயும் நாட்களே அதிகம். ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் வெயில்தான் வானத்தின் வரவு.

இந்த வெயிலில் குனிந்து நிற்பவர்களில் பெண்களே அதிகம். பருத்தி எடுக்க, மிளகாய்ப் பழம் பறிக்க, களை வெட்ட, கண்மாய்க் கரைக்கு மண் சுமக்க என்று எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். சேலைக்கு மேல் மகனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் ஒரு துண்டு. இதுதான் வேலைக்கான உடுப்பு. கையைச் சட்டை காக்கிறது, உச்சந்தலையைத் துண்டு காக்கிறது. நெற்றியும் கன்னமும் பிடரியும் வெயிலுக்கே விட்டவை. அறுபது வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலே எத்தனை கோடை அதன் மேல் நடந்துபோயிருக்கிறது என்று தெரியும்.

தலைத்துணிக்கு இந்த மண்ணில் மரியாதை இல்லாமல் இல்லை. விசேஷ வீட்டில் தாய்மாமனுக்கு உருமால் கட்டுகிறோம். கருமாதியன்று வாரிசுக்கு உருமால் கட்டி ஊரறியச் செய்கிறோம். இதே கரிசல் சீமையில், எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதியை முண்டாசு இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியவில்லை. 1977-ல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானபோது அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அருப்புக்கோட்டை. அந்த வெள்ளைத் தொப்பியை அறியாத பாட்டி இங்கே யார்? ஆனால் இவை எல்லாம் ஆண் தலைகள். பெண் தலைக்கு வாய்த்ததெல்லாம் சுமைக்குச் சும்மாடு, வெயிலுக்கு முக்காடு, மழைக்குச் சாக்கை மடித்த கொங்காணி.

அதனால்தான், பழைய கட்டச் சேலையில் தொப்பி தைப்பதைப் பற்றி எழுதும்போது எனக்கு நகரத்துக் கடைக் கண்ணாடி நினைவுக்கு வருவதில்லை. இந்தப் பெண்களின் தலைதான் வருகிறது. தொப்பிக்குத் தேவையான துணி இந்த ஊரிலேயே, அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே இருக்கிறது.

அருப்புக்கோட்டை நெசவாளர் ஊர். தேவாங்கர் பெயரில் கல்லூரியும் சாலியர் பெயரில் பள்ளியும் இருப்பதே தறி இந்த ஊரை எப்படி வளர்த்தது என்பதற்குச் சாட்சி. தெருவை அடைத்துப் பாவு நீட்டி, கஞ்சி தடவி, விடியற்காலை இளவெயிலில் காய வைத்த நாட்களை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். நூலுக்குச் சாயம் ஏற்றி, பாவிலும் ஊடையிலும் அதே வரிசையில் நிறம் மாற்றி ஓட்டினால் கட்டம் விழும். அந்தக் கட்டத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதம் கிடையாது. அச்சடித்த துணியில் நிறம் மேலே உட்கார்ந்திருக்கும். நெய்த கட்டத்தில் நிறம் நூலுக்குள்ளேயே இருக்கும். ஐம்பது வருடம் துவைத்த சேலையிலும் கட்டம் அழியாமல் இருப்பது இதனால்தான்.

நம் வீடுகளில் பருத்திச் சேலைக்கு வாழ்க்கை நீளம். உடுத்தி முடித்தால் தூளி, தூளிக்குப் பிறகு விரிப்பு, பிறகு அடுப்படியில் பிடிதுணி, கடைசியில் திரி. கிழிந்ததைத் தைத்துக் கட்டுவது யாருக்கும் குறைச்சலாக இருந்ததில்லை. திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், ரமணராகத் திருவண்ணாமலையில் இருந்த காலத்தில், கிழிந்த கௌபீனத்தைத் தைக்க முள்ளையே ஊசியாக்கியதை அன்பர்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு முள்ளால் இன்னொரு முள்ளில் காது குத்தி, அந்தத் துணியிலிருந்தே இழையை உருவிக் கோத்துத் தைத்தாராம். துணியை அதன் கடைசி இழை வரை மதித்த சீமையின் பிள்ளை அவர்.

இப்போது அந்தத் தொடர் அறுந்துவிட்டது. தூளிக்குப் பதில் கடைத் தொட்டில் வந்துவிட்டது, திரி கடையில் கிடைக்கிறது. பாட்டியின் சேலை பாத்திரக்காரரிடமோ குப்பைக்கோ போகிறது. எனக்கு இது உண்மையாகவே வலிக்கிறது.

இத்தனைக்கும் தென்னாட்டுக் கட்டத் துணி உலகத்தின் தலைகளில் ஏறி மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. சோழமண்டலக் கரையில் நெய்து, சென்னைத் துறையிலிருந்து கப்பலேறி, ‘மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே விற்ற துணி அது. அருப்புக்கோட்டைத் தறியில் பிறந்ததல்ல என்றாலும் நூலில் நிறமேற்றிக் கட்டம் எடுக்கும் வித்தை ஒன்றுதான். 1786-ல் ஸ்பானிய ஆளுகையிலிருந்த லூசியானாவில், ஆளுநர் எஸ்தேபான் மிரோ ஓர் ஆணை போட்டார். கறுப்பினப் பெண்கள் தலைமுடியை அலங்கரிக்காமல் துணியால் மூடிக் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அவர்களைத் தாழ்த்திக் காட்டுவதற்கு வந்த சட்டம். அந்தப் பெண்களோ பளிச்சென்ற துணிகளை, அவற்றில் நம் மெட்ராஸ் கட்டத்தையும், உயர உயர அழகாகக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். தாழ்த்த வந்த துணியே அவர்களுக்குப் பெருமையாகிவிட்டது. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் இன்றும் மெட்ராஸ் தலைக்கட்டு திருவிழா உடையாக இருக்கிறது. எத்தனை முனை எடுத்துக் கட்டியிருக்கிறாள் என்பதை வைத்து, அந்தப் பெண்ணின் மனம் யாருக்காவது கொடுபட்டதா இல்லையா என்று சொல்லும் வழக்கமும் அங்கே உண்டு. 1853-க்குப் பிறகு புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக அந்தத் தீவுகளுக்குப் போன நம்மவர்கள், தங்களுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்த தங்கள் கரைத் துணியைப் பார்த்திருப்பார்கள்.

நைஜீரியாவின் கலாபாரி மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கட்டத் துணியில் குறிப்பிட்ட இழைகளை மட்டும் நறுக்கி உருவி எடுத்து, பழைய கட்டத்திலிருந்து புதிய வடிவம் வரவழைத்தார்கள். ‘பெலெத்தே பிதே’ என்று அதற்குப் பெயர். 1958-ல் நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு மெட்ராஸ் துணி போனது. அனுப்பியவர் பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயர். துவைத்தால் சாயம் ஓடுகிறது என்று முதலில் புகார் வந்தது. பிறகு அந்த ஓட்டத்தையே சிறப்பாகச் சொல்லி விளம்பரம் செய்து விற்றார்கள். அமெரிக்க இளைஞர்கள் அதில் சட்டையும் தொப்பியும் போட்டுத் திரிந்தார்கள். நெய்த நாட்டில் வெயிலில் நிற்கும் பெண்ணுக்கு மட்டும் அந்தத் துணியில் ஒரு தொப்பி வாய்க்கவில்லை.

சரி, எப்படித் தைப்பது?

முதலில் துணி தேர்வு. கண்டாங்கி, சுங்குடி, கட்டம் போட்ட உள்ளூர்ப் பருத்திச் சேலை எல்லாம் உதவும். எழுபது, எண்பதுகளில் ஆசை ஆசையாக வாங்கி வைத்த பூனம், நைலக்ஸ் சேலைகள் பார்க்க அழகு. ஆனால் வியர்வையை உறிஞ்சாது, தலை வெந்துவிடும். சந்தேகமானால் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவிப் பற்ற வையுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். செயற்கை நூல் உருகி மணியாகத் திரளும்.

பிறகு சேலையை விரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடமும் குதிகாலில் இழுபட்ட கீழ்க்கரையும் சல்லடையாகத் தெரியும். இடுப்பில் முதல் சுற்றாக உள்ளே போகும் பகுதி வெயிலும் உரசலும் படாமல் கெட்டியாக இருக்கும். நிறமும் அங்கேதான் வாங்கின நாள்போல் மிச்சமிருக்கும். பதினாறு முழப் பின்கொசுவச் சேலையாக இருந்தால் உள்ளே மறைந்திருந்த பகுதி இன்னும் அதிகம், அதில் இரண்டு மூன்று தொப்பிக்குத் துணி தேறும். இரண்டு கட்டைவிரலாலும் பிடித்துச் சுண்டி இழுத்தால் ‘டப்’பென்று விடுகிற துணியை எவ்வளவு அழகானாலும் ஒதுக்கிவிடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சில அசோ சாயங்களுக்கு இந்தியாவில் 1997-ல் தடை வந்தது. அதற்கு முந்தைய, சாயம் விடுகிற துணியைக் குழந்தைத் தொப்பிக்கு எடுக்காமலிருப்பது நல்லது.

தொப்பிக்கு மூன்று உறுப்பு: உச்சி வட்டம், சுற்றுப் பட்டை, விளிம்பு. நெற்றிக்கு மேலே, காதுக்கு மேலே டேப் சுற்றி அளவெடுத்து அரை அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 22 முதல் 23 அங்குலம் வரும். மொத்தச் சுற்று 23 என்றால் உச்சி வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ ஏழேகால் அங்குலம். தையலுக்கு அரை அங்குலம் எல்லாப் பக்கமும் தனி.

கட்டத் துணியின் அழகும் சோதனையும் சுற்றுப் பட்டையில்தான். பின்புறம் பட்டை இணையும் இடத்தில் கட்டம் உடைந்தால் தொப்பியே கோணலாகத் தெரியும். தையலுக்கு விட்டது போக மிஞ்சும் நீளம், கட்டத்தின் அளவால் மீதியின்றி வகுபட வேண்டும். ஓர் அங்குலக் கட்டமென்றால் 23 அங்குலச் சுற்றுக்கு 24 அங்குலம் வெட்டினால் தையல் இருப்பதே தெரியாது. சேலைக்கரையை வீணாக்க மனம் வராது. சிலர் அதை விளிம்பில் வைக்க ஆசைப்படுவார்கள். நேர்க்கரை வளையாது, சுருங்கும். அதன் இடம் சுற்றுப் பட்டையின் அடிப்பகுதி. அங்கே தனியாக ரிப்பன் கட்டியதுபோல அமைந்துவிடும். சுங்குடியாக இருந்தால் புள்ளிகளில் ஒன்றை உச்சி வட்டத்தின் நடுவில் நிறுத்தி வெட்டுங்கள்.

தொப்பியின் உயிர் விளிம்பில் இருக்கிறது. வெயில் அதிகமுள்ள ஆஸ்திரேலியாவில் புற்றுநோய்த் தடுப்பு அமைப்புகள் பெரியவர்களுக்கு அகல விளிம்புத் தொப்பி என்றால் 7.5 சென்டிமீட்டர் வேண்டும் என்கின்றன, அதாவது மூன்று அங்குலம். முழு வட்டமாக வெட்டினால் விளிம்பு தட்டையாக நின்று ஆடிக்காற்றில் பறக்கும். வட்டத்திலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துவிட்டு இணைத்தால் விளிம்பு கீழ்நோக்கிச் சரிந்து கண்ணுக்கும் பிடரிக்கும் நிழல் தரும். விறைப்புக்குப் பக்ரம் வைத்தால் இரண்டு துவைப்பில் தொங்கிவிடும். பழைய வேட்டியை மூன்று மடிப்பாக உள்ளே வைத்து, கால் அங்குலத்துக்கு ஒரு தையலாக உள்ளிருந்து வெளிநோக்கி வட்டம் வட்டமாக ஓட்டுங்கள். மூன்று அங்குல விளிம்புக்குப் பன்னிரண்டு சுற்று வரும். அத்தனை தையலும் சேர்ந்துதான் அதை நிமிர்த்தி வைக்கும். பொறுமை வேண்டிய வேலை. இதைக் குறைத்தால் தொப்பி ஒரு கோடை தாங்காது. விளிம்பின் அடிப்பக்கம் வெள்ளையாக வேண்டாம். தரையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சத்தை அது முகத்துக்கே திருப்பும். கரும்பச்சை, கருநீலச் சேலைத்துண்டு அங்கே போகட்டும். உள்ளே நெற்றியைத் தொடும் இடத்தில், கிராஸாக வெட்டிய மெல்லிய பருத்திப் பட்டை வியர்வையைக் குடித்துக்கொள்ளும்.

இந்த அளவோடு நிறுத்தினால் அது சுற்றுலாப் பயணிக்கான தொப்பி. நம் பெண்களின் தலையில் கொண்டை இருக்கிறது, அருப்புக்கோட்டை மல்லிகை இருக்கிறது, சுமை இருக்கிறது. கொண்டைக்காகப் பின்விளிம்பை நடுவில் பிளந்து, சுற்றுப் பட்டையில் ஒரு வாய் விட்டு, நாடாவால் இறுக்கிக்கொள்ளும்படி செய்யலாம். அமெரிக்கச் சமவெளியில் உழுத குடியானவப் பெண்கள் பூப்போட்ட பருத்தித் துணியிலும் மாவு, தீவன மூட்டைத் துணியிலும் தைத்துக்கொண்ட வெயில் குல்லாவில் பிடரியை மறைக்கும் ஒரு திரை தொங்கும். ஜப்பானிய வயல் தொப்பிகளிலும் அப்படி உண்டு. குனிந்து களை வெட்டுபவருக்கு வெயில் முதலில் அடிக்கும் இடம் பிடரிதான் என்பதை எல்லா நாட்டுப் பெண்களும் கண்டுபிடித்திருக்கிறார்கள். முந்தானையின் ஓரத்தை அப்படித் தொங்கவிட்டால் போதும். மோவாயில் கட்ட நாடா, மேலே சும்மாடு உட்காரும் அளவுக்குத் தட்டையான உச்சி. சுமை எடுக்கும்போது விளிம்பைப் பக்கவாட்டில் மடித்துப் பொத்தானில் மாட்டிக்கொள்ளலாம்.

“துரைச்சி வாராக பாரு” என்று கேலி வரும். முதல் தயக்கம் அதுதான், செலவில்லை. சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொண்ட முதல் பெண்ணையும் ஊர் பார்த்துச் சிரித்திருக்கும். இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருத்தி மட்டும் தொப்பியோடு போனால் கேலி; ஒரு நிரையே போட்டுக்கொண்டு இறங்கினால் அது வேலைக்கான உடுப்பு. அதுவும் தன் அம்மாவின் சேலை என்றால் அதைத் தலையில் வைத்துக்கொள்ள யாருக்குத்தான் கூச்சம் வரும்?

2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். தேவையான அறிவிப்புதான், ஆனால் அந்தப் பணம் இறந்த பிறகு வருவது. தண்ணீர், நிழல், வேலை நேரத்தைக் காலைக்கு மாற்றுவது எல்லாம் முதலில் வேண்டும். அவற்றோடு தலைக்கு ஒரு விளிம்பும் வேண்டும். நூறு நாள் வேலைத்தளத்தில் மண்வெட்டி, கூடையோடு சேர்த்துக் கேட்க வேண்டிய பொருள் இது.

தைக்க ஆள் தேட வேண்டியதில்லை. பள்ளிக் குழந்தைகளின் இலவசச் சீருடையைத் தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. காலர் திருப்பத் தெரிந்த கைக்கு விளிம்பு திருப்புவது பெரிய வித்தையில்லை. வீட்டுக்கு ஒரு பழஞ்சேலை கொடுத்தால் துணிச் செலவு கிடையாது, நூலும் கூலியும்தான். சீருடை நெருக்கடி தொடங்கும் முன்பு, தை மாதத்தில் சேலை திரட்டி மாசியில் வெட்டினால், பங்குனி வெயிலுக்குள் தொப்பி தலைக்கு வந்துவிடும்.