நாட்டுப் புதர்ச்செடிகளின் இனப்பெருக்க முறையும் மகரந்தப் பொருத்தமும்

ஒரு தாவரம் விதை உண்டாக்கத் தன் மகரந்தத்தையே பயன்படுத்துகிறதா, வேறொரு செடியின் மகரந்தத்தைச் சார்ந்திருக்கிறதா என்பது அதன் இனப்பெருக்க முறை எனப்படும். நன்கு பூக்கும் புதர் ஒன்று காய்க்காமல் போவதற்கு, பொருத்தமான துணைச்செடி அருகில் இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

ஈரில்ல முறை

வறண்ட நிலங்களில் வளரும் முட்புதரான சங்கஞ்செடியில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் தனித்தனிச் செடிகளில் உண்டாகின்றன. பெண்செடியே கனி தரும். அதற்கும் அருகில் ஆண்செடி வேண்டும்.

பூவின் அமைப்பு

ஆவாரம்பூ இருபாற்பூ. அதன் சூலகத் தண்டு சில பூக்களில் இடப்புறமும் சிலவற்றில் வலப்புறமும் வளைந்திருக்கும். மகரந்தப்பைகள் நுனித் துளை வழியே திறக்கின்றன. தச்சன் தேனீ பூவைப் பற்றி அதிரும்போது மகரந்தம் வெளிப்பட்டு அதன் உடலில் ஒட்டுகிறது. எதிர்ப்புறம் வளைந்த பூவுக்கு அது செல்லும்போது, அம்மகரந்தம் சூலகமுடியில் படுகிறது. எனினும் இருவகைப் பூக்களும் ஒரே செடியில் இருப்பதால், அச்செடியின் பூக்களுக்கிடையே சேர்க்கை நிகழலாம். மரபியல் நோக்கில் அதுவும் தன் மகரந்தச் சேர்க்கையே.

தன் ஒவ்வாத்தன்மை

சில தாவரங்கள் தம் மகரந்தத்தை வேதியியல் முறையில் அடையாளம் கண்டு விலக்குகின்றன. சிலவற்றில் மகரந்தம் சூலகமுடியிலேயே முளைப்பதில்லை. வேறு சிலவற்றில் மகரந்தக்குழாய் சூலகத் தண்டுக்குள் நின்றுவிடுகிறது. இதை ஆளும் மரபணு வடிவங்கள் இரு செடிகளிலும் ஒத்திருந்தால், அவை வெவ்வேறு செடிகளாயினும் சேர்க்கை தோல்வியடையும். எனவே காடு துண்டாகி, ஒரு சில உறவுச்செடிகளே எஞ்சிய இடத்தில், பூச்சிகள் வந்தாலும் விதை குறையும்.

பூக்கும் காலம்

பொருத்தமான செடிகளும் ஒரே காலத்தில் பூத்தால்தான் பயன் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருந்திரளாகப் பூக்கிறது. 2006, 2018 ஆகியவை அத்தகைய ஆண்டுகள். விதை தந்தபின் செடி மடிந்துவிடும். ஆகவே அப்பருவத்தில் சேர்க்கை நடக்காவிட்டால் அச்செடிக்கு மறுவாய்ப்பு இல்லை.

கண்டறியும் முறை

மொட்டுகளை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பை கட்ட வேண்டும். முதற்குழுவை அப்படியே விட வேண்டும். இரண்டாவதற்கு அதே செடியின் மகரந்தத்தைக் கையால் இட வேண்டும். மூன்றாவதில் மகரந்தப்பைகளை முன்னரே நீக்கி, வேறு செடியின் மகரந்தத்தை இட வேண்டும். மூன்றாவது குழு மட்டும் காய்த்தால் அச்செடி தன் ஒவ்வாத்தன்மை உடையது எனலாம். முதலாவது காய்க்காமல் இரண்டாவது காய்த்தால், செடி தன் மகரந்தத்தை ஏற்கிறது. அதைக் கொண்டு சேர்க்கப் பூச்சி தேவை.

நாற்றங்காலில் பயன்

ஒரே தாய்ச்செடியின் தண்டுத் துண்டுகளிலிருந்து நூறு கன்றுகள் வளர்த்தாலும், மரபியலில் அவை ஒரே செடிதான். காடு மீட்பில் இவற்றை மட்டும் நட்டால் பூ கிடைக்கும். அடுத்த தலைமுறைக்கு விதை கிடைக்காமல் போகலாம். பல தாய்ச்செடிகளிலிருந்து விதை திரட்டிக் கன்று வளர்ப்பதே இதற்குத் தீர்வு.